உள்பக்கத் தாழ்ப்பாள்

சின்னவள் தன் காதலை வீட்டில் போட்டு உடைத்ததும், அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்ததும், பிறகு தானாகவே "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று இறங்கி வந்ததும் தெரிந்த கதை. கால்நடை மருத்துவர் என்று சொன்னதும், "நாய் டாக்டரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பையனுக்கு இந்த வீட்டில் பெயர் நாய் டாக்டர்தான்.

அந்த நாய் டாக்டரின் வீட்டார் இன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். எல்லாம் கூடி வந்தால் இன்றே தேதியைப் பேசி முடித்துவிடுவதாக ஏற்பாடு.

ஒரே ஒரு சிக்கல். அந்தச் சிக்கலுக்கு இருபத்தேழு வயது. ஹாலுக்கு அடுத்த அறையில், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அது படுத்திருந்தது.

பெரியவன், போன வருஷம் ஒரு நாள் மத்தியானமே ஆபீசிலிருந்து திரும்பி வந்து, தலைவலி என்று படுத்தவன். தலைவலி ஒரு வாரம் நீண்டது. வாரம் மாதமாயிற்று. வேலை போயிற்று. நண்பர்கள் போன் அடித்து அடித்து ஓய்ந்தார்கள். மனநல டாக்டரிடம் இரண்டு தடவை போய் வந்தான். மூன்றாம் தடவை செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தவன், அப்படியே திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான். சண்டை கிடையாது, கூச்சல் கிடையாது. கதவோரம் தட்டை வைத்தால் எடுத்துக்கொள்வான். அவ்வளவுதான்.

"எங்க சார், பையனைக் காணவே முடியல?" என்று மாடிப்படியில் யாரோ கேட்டபோது, அப்பாவின் வாயில் வந்துவிட்ட பதில்: "வெளிநாட்டுல வேலை." சொல்லிவிட்ட பிறகு அந்தப் பொய்க்குத் தீனி போட வேண்டியதாயிற்று. இப்போது அது அவரைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றது.

அம்மா மழலைப் பள்ளி டீச்சர். தெருவே டீச்சர் என்று கூப்பிட, கணவரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். பள்ளி திறக்கிற முதல் வாரம் அவளைப் பார்க்க வேண்டும். ஒன்று காலைக் கட்டிக்கொண்டு அழும், ஒன்று தரையில் புரளும், ஒன்று கடிக்கும். டீச்சர் அசரமாட்டாள். சேர்க்க வந்த அம்மாக்களிடம்தான் கண்டிப்பு. "பிள்ளை அசந்த நேரம் பாத்து நழுவாதீங்க. போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போங்க. அழும். அழட்டும். ஆனா நாளைக்கு உங்களை நம்பும்."

எந்த வயது எதைப் பிடித்துக்கொள்ளும், எந்த வயது எதை விடும் என்பது அவளுக்கு அத்துப்படி. மூன்று வயதில் 'நானே' என்று செருப்பை இடம் மாற்றி மாட்டும். பதின்மூன்றில் கதவைச் சாத்தும். இருபதில் அதே கதவைத் திறந்துகொண்டு போய்விடும். போகாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவள் போன எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

"அம்மா, நான் இன்னிக்கு உண்மையைச் சொல்லிடறேன்."

காலையில் சமையலறையில் சின்னவள் இப்படித்தான் ஆரம்பித்தாள். காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. மெல்லப் பேசித்தான் பழக்கம். இன்று குரல் ஏறியிருந்தது.

"மெதுவாப் பேசு. அவன் காதுல விழும்."

"விழட்டுமே."

"உங்கப்பா தாங்க மாட்டாருடி. ரிடையர் ஆன நாள்லேர்ந்து மனுஷன் பாதியா ஆயிட்டாரு. கல்யாணம் முடியட்டும். அப்புறம் மெதுவா…"

"அப்புறம் என்ன? அண்ணன் ஏன் கல்யாணத்துக்கு வரலைன்னு கேப்பாங்க. குழந்தை பொறந்தா, மாமா ஏன் பாக்க வரலைன்னு கேப்பாங்க. இன்னும் எத்தனை வருஷத்துக்கும்மா அவன் பிளைட் லேட்டாவே வரும்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டுக் காய் நறுக்கினாள்.

"எனக்கும் வயசு ஆகுதுல்லம்மா," என்றாள் சின்னவள், இப்போது குரலைத் தாழ்த்தி. "வீட்டை விட்டுப் போற வயசு. சந்தோஷமாப் போகணும்னு ஆசையா இருக்கு. அவன் போகாம நிக்கறான்ங்கறதுக்காக, நான் என்னமோ திருடிக்கிட்டு ஓடற மாதிரி போகணுமா?"

பதில் சொல்லத் தெரியாத கேள்விகளுக்கு டீச்சர் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. "போய் நல்ல டிரஸ்ஸா போட்டுக்கோ," என்றாள்.

வேலையை முடித்துவிட்டுப் பெரியவனின் கதவருகே போனாள். இரண்டு தட்டு தட்டினாள்.

"கண்ணா, அவங்க வர நேரமாச்சு. சாப்பாடு, தண்ணி எல்லாம் இங்கயே வெச்சிட்டேன். இருமல் வந்தா தலகாணியில வாயைப் பொத்திக்கோ. என்ன?"

"ம்."

"பாத்ரூம் போனா… சத்தம் வராம. தண்ணியை மெதுவா மொண்டு ஊத்து. செல்லம்ல?"

இதற்கு 'ம்' கூட வரவில்லை.

அந்த பாத்ரூமில்தான் வினை இருந்தது. இரண்டு கதவு. ஒன்று நடைவழிக்குத் திறக்கும், இன்னொன்று பெரியவனின் அறைக்குத் திறக்கும். வீடு வாங்கும்போது, "ரெண்டு பக்கமும் வசதி பாருங்க," என்று விற்றவர் பெருமையாகக் காட்டியது. விருந்தாளிகள் அதற்குள் போய்விட்டால் ஆபத்து என்று, அப்பா நடைவழிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார். பஸ் டிப்போவில் சூப்பர்வைசராக இருந்து அறிவிப்பு ஒட்டியே பழகிய கை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. 'ரிப்பேர். தண்ணீர் வராது. உள்ளே செல்ல வேண்டாம்.'

"எல்லாரும் நம்ம ரூம் பாத்ரூமுக்குப் போகட்டும்," என்றார். அவர் முகத்தில் பல மாதங்களாக இல்லாத களை. செய்ய ஒரு காரியம் கிடைத்த களை.

வந்தவர்கள் நான்கு பேர். நாய் டாக்டர், அவன் அம்மா, அவன் அக்கா, அக்காவின் மூன்றரை வயது மகள். அந்தக் குழந்தையை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை. வந்த வேகத்தில் சோபாவில் ஏறி, ஜன்னல் திரைக்குள் சுருட்டிக்கொண்டு, "நான் எங்கே?" என்றது.

நாய் டாக்டரின் அம்மா தையல்கடை வைத்திருப்பவள். கணவன் போன பிறகு தனி ஆளாக இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். ஆளைப் பார்த்ததும் அளவெடுக்கிற கண். டீச்சரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மட்டும் நிஜமாக இருந்தது. "உங்க பொண்ணு என் பையனை மனுஷனாக்கிட்டா டீச்சர். இப்பல்லாம் குளிச்சிட்டுத்தான் சாப்பிட வரான்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனுஷி என்று டீச்சருக்குப் பட்டது. அதனாலேயே அவள் முகத்தைப் பார்க்க இன்னும் கூசியது.

சாப்பாட்டு மேசையில்தான் தொடங்கியது.

"பெரிய பையன் எந்தப் பக்கம் இருக்காரு?" என்று கேட்டாள் தையல்கடையம்மா.

"வடக்கே. ரொம்ப உள்ள," என்றார் அப்பா. "சரியான குளிர். ஆறு மாசம் பனிதான்."

"ஐயோ! சாப்பாட்டுக்கு?"

"அவனே சமைச்சுக்கறான்மா. சொன்னா நம்ப மாட்டீங்க. இங்க இருந்தவரைக்கும் ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிக்க மாட்டான். இப்ப தனியா வீடு, காரு…"

"காரா?" என்றாள் சின்னவள். போன வாரம் வரைக்கும் கார் இல்லை.

"வாங்கிட்டான்மா. உன்கிட்ட சொல்லலையா?" என்று அப்பா அவளைப் பார்க்காமலே சொன்னார். "பனியில ஓட்டறதுக்குன்னு டயர்ல சங்கிலியெல்லாம் கட்டுவாங்களாம்."

எங்கிருந்துதான் அந்தச் சங்கிலி வந்ததோ. டீச்சர் பரிமாறுகிற சாக்கில் எழுந்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கட்டில். இருமினாலே இங்கே கேட்கும். இங்கே பேசுவதெல்லாம் அங்கே கேட்கும். இல்லாத மகனை அப்பா எவ்வளவு ஆசையாக வர்ணிக்கிறார் என்பதை, இருக்கிற மகன் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு போன் போடுங்களேன். நானும் ஒரு வார்த்தை பேசிடறேன். வீட்டுக்கு மூத்த பிள்ளை, அவருக்கும் சம்மதமான்னு கேட்கணும்ல?"

"இப்ப அங்க ராத்திரிம்மா. படுத்திருப்பான்."

படுத்திருப்பான் என்பது மட்டும்தான் அன்று அவர் சொன்னதில் உண்மை.

பேச்சு தேதிக்கு வந்தது. அப்பா நாட்காட்டியை எடுத்துவந்தார். நாய் டாக்டரின் அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "வாலு எங்க?" என்று கேட்டாள்.

சோபாவில் இல்லை. திரைக்குள் இல்லை.

பிறகு கேட்டது. டக்கென்று ஓர் இரும்புச் சத்தம். கொஞ்சம் அமைதி. அப்புறம் கதவை உள்ளேயிருந்து இரண்டு சின்னக் கைகள் அடிக்கிற சத்தம்.

"அம்மா! தொறக்க மாட்டேங்குது!"

முத்து முத்தாக எழுதியிருந்து என்ன? மூன்றரை வயதுக்குப் படிக்கத் தெரியாது.

எல்லோரும் நடைவழிக்கு ஓடினார்கள். அந்தக் கதவின் மேல் தாழ்ப்பாள் உடைந்து எவ்வளவோ நாளாயிற்று. கீழ்த் தாழ்ப்பாள் மட்டும்தான் மிச்சம், சரியாகக் குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். துருப்பிடித்தது. போட்டால் லேசாக விழும். எடுக்கப் பெரியவர்களே ஒரு தம் பிடிக்க வேண்டும்.

டீச்சர் தரையில் முழங்காலிட்டுக் கதவோடு வாயை வைத்தாள். "வாலு, நான்தான் டீச்சர். நீ கதவுக்குப் பக்கத்துலதான் நிக்கறியா?"

"ம்…" விசும்பல்.

"சமத்து. உன் கைக்கிட்ட ஒரு கம்பி இருக்கா? அதைத் தூக்கி நகத்து பாக்கலாம். நீயேதான் செய்யப் போற."

"நானே?"

"நீயே."

கம்பி கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. "வரல… வரலை! அம்மா வேணும்!" என்று அழுகை வீரிட்டது. கால்கள் கதவை விட்டு உள்ளே ஓடுகிற சத்தம். பிறகு தண்ணீர் தளும்புகிற சத்தம்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "தண்ணியா? உள்ள தண்ணி இருக்கா? தண்ணி வராதுன்னு எழுதியிருக்கீங்களே?"

உள்ளே குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு பக்கெட் உண்டு. பெரியவன் சத்தம் வராமல் மொண்டு ஊற்ற வேண்டும் என்று, காலையில் டீச்சரே விளிம்பு வரை நிரப்பி வைத்தது.

"வாலு! பக்கெட் பக்கம் போகாதே! அம்மா இங்கதான் இருக்கேன்!" அக்கா கதவை அறைந்தாள்.

அப்பா எங்கிருந்தோ ஒரு கடப்பாரையோடு வந்தார். "தள்ளுங்க, உடைச்சிடறேன்."

"உள்பக்கமாத்தான் விழும். குழந்தை எங்க நிக்குதுன்னே தெரியல," என்று நாய் டாக்டர் அவர் கையைப் பிடித்தான்.

தையல்கடையம்மா மட்டும் கத்தவில்லை. அளவெடுக்கிற கண்ணால் சுவரைப் பார்த்தாள், அடுத்த கதவைப் பார்த்தாள். "இந்த ரூமுக்குள்ள இருந்து பாத்ரூமுக்கு வழி இருக்கா?"

அப்பா கடப்பாரையைத் தாழ்த்தினார்.

"இருக்கு," என்றார் அப்பா. "ஆனா பூட்டியிருக்கு. அது பையனோட ரூம். சாவி… சாவியை அவன் எடுத்துட்டுப் போயிட்டான். வெளிநாட்டுக்கு."

உள்ளே மறுபடி தண்ணீர் தளும்பியது. டீச்சர் எழுந்தாள். இரண்டே அடியில் பெரியவனின் கதவு. ஒரு வருஷமாக இரண்டு விரலால் தட்டிய கதவை இன்று உள்ளங்கையால் அடித்தாள்.

"டேய்! பாத்ரூம் கதவைத் திற! குழந்தை மாட்டிக்கிச்சு!"

"டீச்சர்!" என்றார் அப்பா. அதட்டல் போலத்தான் ஆரம்பித்தது. பாதியில் கெஞ்சலாகிவிட்டது.

அறைக்குள்ளிருந்து சத்தமே இல்லை. தையல்கடையம்மா அந்தக் கதவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் கடப்பாரையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பொய் போய்விட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை. இதைவிட மோசமான நிமிஷம் ஒன்றை டீச்சர் தன் வாழ்க்கையில் அறிந்ததில்லை.

அப்போது உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகியது. பாத்ரூமில் அழுகை டக்கென்று நின்றது.

"நீ யாரு?" என்றது வாலுவின் குரல்.

பதில் காதில் விழவில்லை.

"உனக்கு ஏன் இவ்ளோ தாடி?"

அதற்கும் ஏதோ மெல்லிய பதில். அப்புறம் வாலுவின் குரல் நகர்ந்து, பெரியவனின் அறைக்குள்ளிருந்து கேட்டது. "இங்க ஏன் இருட்டா இருக்கு?"

"என் பொண்ணை வெளிய விடச் சொல்லுங்க," என்றாள் அக்கா. "யாரு உள்ள? யாருன்னே தெரியாத ஒரு ஆள்கிட்ட… கதவைத் திறக்கச் சொல்லுங்க!"

கதவு திறக்கவில்லை.

டீச்சர் வாயைக் கதவோடு வைத்தாள். "கண்ணா, பாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வந்து, சமத்தாக் கதவை…"

நின்றுவிட்டாள்.

இப்போதுதான், ஒரு நிமிஷம் முன்னால், வாலுவிடம் பேசியது இதே குரல். இதே ஏற்ற இறக்கம். ஒரு வருஷமாக இருபத்தேழு வயது ஆண்பிள்ளையிடம் அவள் இந்தக் குரலில்தான் பேசியிருக்கிறாள். கண்ணா, செல்லம், சமத்து. மூன்று வயதைக் கையாளத் தெரியும். அதனால் அவனை மூன்று வயதாக்கி வைத்துக்கொண்டாள். இதில் அவளுக்கு ஒரு சுகமும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அம்மாக்களிடமிருந்து பிரித்துவிட்ட கைக்கு, ஒன்று மட்டும் வீட்டிலேயே மிஞ்சிய சுகம். இதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். தனக்கே இப்போதுதான் சொல்லிக்கொண்டாள்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"இங்க பாரு," என்றாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "வெளிய ஆறு பேர் நிக்கறோம். கதவைத் திறந்தா எல்லாரும் உன்னைப் பாப்பாங்க. பாக்க மாட்டாங்கன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். உனக்குப் பயம்னு தெரியும். இந்தக் குழந்தையோட அம்மாவும் பயந்து போய் நிக்கறா. எனக்கு இதுக்கு மேல என்ன செய்யறதுன்னு தெரியல. உன்னாலதான் முடியும்."

யாரோ மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. அது அவளுடையதுதான்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

பெரியவன் நின்றிருந்தான். தோள் வரை முடி, கழுத்து வரை தாடி, வெயில் படாத முகத்தில் இரண்டு கண்கள். பனியன் தோளில் தொங்கியது. வாலுவைத் தன் துண்டால் சுற்றி இடுப்பில் வைத்திருந்தான். அவள் அவன் தாடியின் நுனியை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

அவன் யாரையும் பார்க்கவில்லை, அக்காவை மட்டும் பார்த்தான்.

"பக்கெட்ல கையை விட்டுட்டா. சட்டை நனைஞ்சிருக்கு. அடி எதுவும் படல," என்றான். நெடுநாள் பேசாத குரல், கரகரத்தது. "கொஞ்சம் லேட் பண்ணிட்டேன். சாரிங்க."

அக்கா குழந்தையைப் பிடுங்குவதுபோல வாங்கிக்கொண்டாள்.

அவன் கதவைச் சாத்தப் போனான். பாதியில் நிறுத்தி, தரையைப் பார்த்தபடி, "எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுப்பா," என்றான்.

கதவு மூடியது. தாழ் விழுந்தது.

ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள், எதற்கு உட்கார்கிறோம் என்று தெரியாமலே. நாட்காட்டி மேசையில் விரித்தபடி கிடந்தது. அக்கா மட்டும் உட்காரவில்லை. குழந்தையை அணைத்துக்கொண்டு, "போலாம்மா. இனி இங்க வேணாம்," என்று வாசலருகே நின்றாள்.

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகவில்லை. தலைவலி, வேலை போனது, டாக்டர், ஒரு வருஷம். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

தையல்கடையம்மா கேட்டுக்கொண்டாள். "முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல டீச்சர். ஒருவேளை இந்தச் சம்பந்தம் வேணாம்னுகூடச் சொல்லியிருப்பேன். மறைக்க மாட்டேன். ஆனா அதை நான் யோசிச்சு முடிவெடுத்திருப்பேன்ல? அதுக்கு எனக்கு ஒரு வழி குடுத்திருக்கணும்."

"எனக்குத் தெரியும்மா," என்றான் நாய் டாக்டர்.

தையல்கடையம்மா அவன் பக்கம் திரும்பினாள்.

"அவ என்கிட்ட ஆரம்பத்துலயே சொல்லிட்டா. நான்தான் உன்கிட்ட சொல்லல."

தையல்கடையம்மாவின் முகம் அப்போதுதான் உடைந்தது. "பனி விழுமா, சாப்பாட்டுக்கு என்ன பண்றாருன்னு ஒண்ணொண்ணா கேட்டேனே. பக்கத்துலயே உக்காந்திருந்தியே. உனக்குச் சிரிப்பு வந்துச்சா?"

அவன் தலை கவிழ்ந்தது. சின்னவள் கையை நீட்டி, அவன் விரலைத் தொட்டுவிட்டு, எடுத்துக்கொண்டாள்.

தையல்கடையம்மா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி வரேன். சாப்பாடெல்லாம் வேணாம். உங்க பெரிய பையன் இங்க, ஹால்ல, என்னோட உக்காந்து பேசணும். கொஞ்ச நேரம் போதும். இந்த வீட்டைப் பத்தி இனிமே யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. அவர் வாயால கேட்டுக்கறேன். தேதியெல்லாம் அதுக்கப்புறம்."

"வருவான்மா, கண்டிப்பா வருவான்," என்று அப்பா பாய்ந்து எழுந்தார். "நான் சொன்னா வருவான். நான் பொறுப்பு."

பழைய பொய்யின் சூடு ஆறவில்லை, அதற்குள் அடுத்தது. டீச்சர் கணவரின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வருவானான்னு எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "கேட்டுப் பாக்கறேன்."

தையல்கடையம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். "பாக்கலாம்," என்றாள். போய்விட்டார்கள்.

அப்பா பால்கனியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். டீச்சர் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது திரும்பாமலே பேசினார். "சொல்லிட்டு இருக்கும்போது, நிஜமாவே அவன் அங்க இருக்கிற மாதிரி இருந்துச்சு டீச்சர். சங்கிலி கட்டின காரு, அதுல அவன்… முப்பத்தஞ்சு வருஷம் டிப்போல எத்தனை வண்டியை நேரத்துக்குக் கிளப்பி விட்டிருப்பேன். வேலையும் போச்சு. யாராவது கேட்டா என்னைப் பத்திச் சொல்ல எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு?"

நல்ல டிரஸ்ஸா போட்டுக்கோ என்று இவரிடம் சொல்ல முடியாது. அவர் தோளில் கை வைத்து நின்றாள். காபி ஆறியது.

உள்ளே வந்தபோது, சின்னவள் அந்த நல்ல உடையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆக, என் கல்யாணம் இப்ப அவன் கையில," என்றாள்.

"அப்படியில்லடி…"

"அப்படித்தாம்மா. ஞாயித்துக்கிழமை அவன் வரலைன்னா, ஜென்மத்துக்கும் அவனை மன்னிக்க மாட்டேன். எனக்காகன்னு பல்லைக் கடிச்சிட்டு வந்து, அதனால அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, என்னை நானே மன்னிச்சுக்க மாட்டேன். நான் எந்தப் பக்கம் போகணும்னு சொல்லு."

டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மகள் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒரு வருஷமாக அந்தத் தோள் ஒருவனுக்கு மட்டும்தான் என்று ஆகியிருந்தது. இவள் எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று டீச்சருக்குத் தெரியவில்லை. ஒருத்தன் கதவுக்கு வெளியே நின்றே வருஷம் போனதில், கதவே போடாத பிள்ளையின் பக்கம் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"உனக்கு என்ன வேணுமோ அதைப் பண்ணு," என்றாள். "இந்தக் கல்யாணம் வேணும்னா, அவன் வந்தாலும் வராட்டியும் உன் பக்கம் நான் நிப்பேன். அந்தம்மா காலைப் பிடிச்சாவது."

"அப்பா?"

"அப்பாவை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

விளக்கு போடுகிற நேரம். டீச்சர் மேசை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

கை நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்துதான். அவள் தட்டாமல், கூப்பிடாமல், அவனாக அழைத்துப் பல மாதம் ஆயிற்று. அவள் விரிப்பைப் போட்டுவிட்டு நடைவழிக்குப் போனாள். ஓடக்கூடாது என்று தன்னையே அடக்கிக்கொண்டு நடந்தாள்.

"சொல்லு."

"ஞாயித்துக்கிழமை எத்தனை பேர் வருவாங்க?"

ஒருத்தர்தான் கண்ணா, பயப்படாதே, ஒண்ணும் ஆகாது. வார்த்தைகள் நாக்கு வரை வந்துவிட்டன. விழுங்கினாள்.

"தெரியலைடா. நான் கேக்கல."

வரத் தயாராகிறவனும் இதைத்தான் கேட்பான். அதற்கு முன்னால் எங்காவது போய்விட நினைப்பவனும் இதைத்தான் கேட்பான். எது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பின்னால் சமையலறை வாசலில் சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

"கேட்டுச் சொல்லு," என்றான் பெரியவன். அவன் குரல் கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது.